பூட்டப்பட்ட குரல்கள்: ஒலிநாடா முதல் மினிடிஸ்க் வரை



ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைக் கரையின் வரலாற்றை எழுதுவோர், 1856ல் தென்னகத்தின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தைச் சொல்வர். துறைமுகத்தையும் ஆலைகளையும் சொல்வர். இக்கரை வழியே போய்வந்த இன்னொரு சரக்கைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. அது மனிதக் குரல்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று முதலில் எஸ்.எஸ். ரஜூலாவும், 1970களில் எம்.வி. சிதம்பரமும் ஓடின. அக்கப்பல்களில் ஸபர் சென்ற நம் வாப்பாமார்களும் பாட்டனார்களும் திரும்பி வருகையில் கொண்டுவந்த பொருள்களில் டேப் ரிக்கார்டருக்குத் தனி மதிப்பு இருந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் நேர்ந்த தீ விபத்தோடு சிதம்பரத்தின் பயணம் முடிந்தது. அதற்குள் வளைகுடா நாடுகளுக்கு விமானம் ஏறும் காலமும் வந்துவிட்டது. கப்பல் வழி வராதவை பர்மா பஜாரில் கிடைத்தன.

தொலைபேசிக் கட்டணம் கைக்கு எட்டாத அக்காலத்தில் கேசட்டே கடிதமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத உம்மாவும் அதில் பேசலாம். மார்க்கக் கல்வி பயிலும் பிள்ளை ஓதிய கிராஅத்தை அதில் வாப்பாவுக்கு அனுப்பலாம். நிக்காஹ் மஜ்லிஸின் துஆவும், ஊருக்கு வந்த ஆலிமின் பயானும், மவ்லித் மஜ்லிஸின் ஓதலும் அதிலேயே பதிவாயின. நாகூர் ஹனீபா அவர்களின் பாட்டுக் கேசட் ஒன்றின் மேலேயே வீட்டுக் குரலைப் பதிந்து அனுப்பியவர்களும் உண்டு. கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிட்டால் அதில் மீண்டும் பதிய முடியாது. உடைத்த இடத்தில் செல்லோடேப்பை ஒட்டிவிட்டால் பதியலாம். அந்தக் காலத்துப் பூட்டும் சாவியும் அவ்வளவுதான். இரண்டும் வீட்டுக்காரர் கையில் இருந்தன.

இந்தக் கேசட்டை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 ஆகஸ்டில் பெர்லின் கண்காட்சியில் வெளியிட்டது. அதன் உரிமத்தைக் கட்டணமின்றி எல்லா நிறுவனங்களுக்கும் வழங்கும்படி பிலிப்ஸை வற்புறுத்தி இசையவைத்தது ஜப்பானின் சோனி. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே சோனி பின்னர் அமெரிக்காவில் ஒரு பெரும் வழக்கையும் நடத்தியது. தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது திருட்டாகுமா என்பதே அவ்வழக்கு. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், 5 நீதிபதிகள் ஒருபுறமும் 4 பேர் மறுபுறமுமாகப் பிரிந்து, அது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. பதியும் கருவியை விற்றவனும் குற்றவாளி அல்லன் என்றாயிற்று. வீட்டில் பதிவோரின் உரிமைக்காக நீதிமன்றப் படியேறிய நிறுவனம் என்று அன்று சோனியைச் சொல்லலாம்.

அடுத்த நான்காண்டில் காட்சி மாறியது. 1988ல் சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்தை ஏறக்குறைய 200 கோடி டாலருக்குச் சோனி வாங்கியது. கருவி விற்பவரும் பாட்டு விற்பவரும் ஒரே கூரையின் கீழ் வந்தனர். ஒருவருக்கு வாடிக்கையாளர் பதிய வேண்டும். மற்றவருக்கு அவர் பதியவே கூடாது. இதற்குப் பிறகு வந்த கருவிகள் பலவற்றில் இந்த இரண்டு மனமும் சேர்ந்தே குடியிருந்தன.

முதலில் வந்தது எஸ்.சி.எம்.எஸ். என்னும் ஏற்பாடு. டிஜிட்டல் பதிவில் நகல் எடுக்க எடுக்கத் தரம் குறைவதில்லை என்பதால் இசைத்தட்டு நிறுவனங்கள் அஞ்சின. எனவே பதிவோடு சேர்த்து ஒரு குறியும் எழுதப்பட்டது. மூலத்திலிருந்து ஒரு நகல் எடுக்கலாம். நகலிலிருந்து இன்னொரு டிஜிட்டல் நகல் எடுக்க முயன்றால் கருவி மறுத்துவிடும். 1992 அக்டோபரில் அமெரிக்கா இதைச் சட்டமாகவே ஆக்கியது. இதில் ஒரு விந்தை உண்டு. மைக்கின் வழியே உள்ளே வந்தது யாருடைய குரல் என்பது கருவிக்குத் தெரியாது. ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளை ஓதிய அல்ஃபாத்திஹாவும், எவரோ காசுக்கு விற்கும் பாடலும் அதன் கணக்கில் ஒன்றே.

அதே 1992ஆம் ஆண்டு நவம்பரில் சோனியின் மினிடிஸ்க் விற்பனைக்கு வந்தது. 64 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சின்னஞ்சிறு வட்டு; அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறை. லேசர் ஒளி அதன் ஒரு புள்ளியை ஏறக்குறைய 180 டிகிரிக்குச் சூடாக்க, மறுபக்கம் உள்ள காந்தத் தலை அந்தப் புள்ளியின் காந்தத் திசையை மாற்றும். ஆறியபின் அது எளிதில் அழியாது. கேசட்டைப் போல நாடா சிக்காது, பூஞ்சை பிடிக்காது, தேயாது. ஸ்டீரியோவில் 74 நிமிடம், மோனோவில் 148 நிமிடம் பதியலாம். குரலைப் பதிவதற்கு அதைவிட நல்ல சிறு கருவி அன்று எளிய விலையில் இல்லை என்றே சொல்வேன். வானொலிச் செய்தியாளர்கள் பலர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு அலைந்தனர். நம் நாட்டில் அது கேசட்டைப் போலப் பரவவில்லை. ஜப்பானிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருந்தவர்களின் வழியே வந்து சேர்ந்த கருவியாகவே இருந்தது.

2001ல் நெட் எம்.டி. என்ற பெயரில் யு.எஸ்.பி. கம்பியோடு புதிய மினிடிஸ்க் வந்தது. கணினியிலிருந்து வட்டுக்குப் பாடல்களை விரைவாக அனுப்பலாம். வட்டிலிருந்து கணினிக்கு எதையும் எடுக்க முடியாது. கம்பி ஒன்றுதான், பாதை மட்டும் ஒருவழிப் பாதை. நீங்களே மைக்கில் பதிந்த குரலாயினும் ஹெட்போன் துளையில் இன்னொரு கம்பியைச் செருகி, 74 நிமிடப் பதிவை 74 நிமிடம் ஓடவிட்டுத்தான் கணினியில் ஏற்ற வேண்டும்.

இதனினும் மனத்தை வருத்துவது 2004ல் வந்த ஹை எம்.டி. ஒரு ஜிகாபைட் வட்டு, ஏறத்தாழ எட்டு மணி நேரப் பதிவு, சொந்தப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றும் வசதி என அறிவிப்பு நன்றாகவே இருந்தது. சோனிக்ஸ்டேஜ் என்னும் மென்பொருளின் தொடக்கப் பதிப்புகளில் அந்த வசதிக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒரு பதிவை ஒருமுறை மட்டுமே கணினிக்கு மாற்றலாம். மாற்றியபின் அது மறையாக்கம் செய்யப்பட்ட கோப்பாக, அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியதாக இருக்கும். அந்தக் கணினி பழுதானால், அல்லது விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினால், கோப்பு கண்முன் கிடக்கும். குரல் வெளியே வராது. பென்டிரைவில் நகலெடுத்து வைத்திருந்தவர்களும் இதற்குத் தப்பவில்லை. பூட்டிய பெட்டியைப் பத்து நகல் எடுத்தாலும் சாவி ஒன்றுதானே!

சோனி மட்டும்தான் என்று எண்ண வேண்டாம். விண்டோஸ் மீடியா பிளேயரின் பழைய பதிப்புகள் சிலவற்றில், சி.டி.யிலிருந்து ஒலியைக் கணினிக்கு ஏற்றும்போது நகல் தடுப்பு தானாகவே இயங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. வீட்டில் எரித்த சி.டி.யில் இருந்த மர்ஹூம் ஒருவரின் குரலும் உரிமக் கோப்பு தொலைந்த நாளில் ஊமையாகிவிடும்.

இங்கே நம் மார்க்கக் கல்வி மரபை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. ஹதீஸ் கலையில் ஆசிரியர் தாம் அறிவித்ததை மாணவர் மேலும் அறிவிப்பதற்கு ‘இஜாஸா’ என்னும் அனுமதி வழங்குவார். குர்ஆன் ஓதுதலிலும் அவ்வாறே. அனுமதி என்ற கருத்து நமக்குப் புதிதன்று. ஆனால் அதை வழங்குபவர் ஒரு மனிதர். தம் மாணவரை முகம் பார்த்து அறிந்தவர். 1960களின் தொடக்கத்தில் எகிப்தில் ஷைகு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி அவர்களின் குரலில் குர்ஆன் முழுவதும் முதன்முறையாகப் பதிவு செய்து வெளியிடப்பட்டபோதும், ஓதுபவர் யார், எந்த ரிவாயத்தில் ஓதுகிறார் என்பதெல்லாம் உறுதி செய்யப்பட்ட பிறகே அது மக்களிடம் சென்றது. மென்பொருள் கேட்ட கேள்வி வேறு. பேசியவர் யார், கேட்பவர் யார் என்பதை அது கேட்கவில்லை. இது எந்தக் கணினி என்பதை மட்டுமே கேட்டது.

படைப்பாளியின் உரிமையை மார்க்கம் மறுக்கிறது என்று இதிலிருந்து எவரும் பொருள் கொள்ளலாகாது. ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய அமர்வில், நூலாசிரியர் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை போன்றவை ஷரீஅத்தின் பாதுகாப்புக்கு உரியவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. பிறருடைய பாடலைத் திருட்டு வட்டாக்கி விற்றவனுக்கு இத்தீர்மானத்தில் இடமில்லை. அதே அளவுகோலின்படி, தன் உம்மாவின் குரல் இருக்கும் பதிவைத் திறக்க முடியாமல் நிற்கும் மகனே உரிமை பறிக்கப்பட்டவன்.

இந்தப் பூட்டுகள் பெரும்பாலும் வாடிக்கையாளரின் எதிர்ப்பாலேயே தளர்ந்தன. 2004 இறுதியில் சொந்தப் பதிவுகளைச் சாதாரண வேவ் கோப்பாக மாற்றும் ஒரு சிறு செயலியைச் சோனி வெளியிட்டது. 2005 அக்டோபர் 31 அன்று, சோனி பி.எம்.ஜி. இசை வட்டுகள் பயனர் அறியாமல் கணினிக்குள் ஒளிந்துகொள்ளும் மென்பொருளை நிறுவுவதை மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் வெளிப்படுத்தினார். வழக்குகள் எழுந்தன, வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. 2006ல் சோனிக்ஸ்டேஜின் 3.4 பதிப்பு ஒருமுறை மட்டும் என்ற தடையை நீக்கியது. அவ்வாண்டே வந்த எம்.இசட்-ஆர்.எச்.1 என்னும் கருவி, 1992 முதல் பதியப்பட்ட பழைய வட்டுகளிலிருந்தும் ஒலியைக் கணினிக்கு எடுக்க வழி செய்தது. பதினான்கு ஆண்டுகள் கழித்துக் கதவு திறந்தபோது, கடைவீதி எம்.பி.3 கருவிகளுக்கும் கைப்பேசிக்கும் போய்விட்டிருந்தது. 2011ல் மினிடிஸ்க் வாக்மேனும், 2025 பிப்ரவரியில் வெற்று வட்டு உற்பத்தியும் நின்றன.

நம் நாட்டுச் சட்டத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். பூட்டை உடைத்தால் சிறை என்று சிலர் அஞ்சுகின்றனர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, தொழில்நுட்பப் பாதுகாப்பை மீறுவோருக்கு இரண்டாண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. ஆனால், அச்சட்டம் தரும் உரிமைகளை மீற வேண்டும் என்ற நோக்கம் இருந்தால்தான் அது குற்றம். சட்டம் தடை செய்யாத ஒரு காரியத்துக்காகப் பூட்டைத் திறப்பதை அப்பிரிவே விலக்கி வைத்துள்ளது. அவ்வாறு திறக்க மற்றவருக்கு உதவுபவர், யாருக்காக, எதற்காக உதவினார் என்ற விவரத்தைப் பெயர், முகவரியோடு எழுதி வைக்க வேண்டும். பழுது பார்க்கும் கடை நடத்தும் நம் சகோதரர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

அதே சட்டம் ‘நிகழ்த்துநர்’ யார் என்று சொல்லும் இடம் சுவையானது. நடிகர், பாடகர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி ஆகியோருடன் சொற்பொழிவாற்றுபவரும் அப்பட்டியலில் இருக்கிறார். ஆகவே ஓர் ஆலிமின் பயானை மீட்டெடுத்துக் குடும்பத்தார் கேட்பது வேறு, அதை யூடியூபில் ஏற்றுவது வேறு. நிகழ்த்துநரின் உரிமைக்கு 50 ஆண்டுக் காலம் உண்டு. அவரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும். குரல் ஓர் அமானத்.

வீட்டில் இத்தகைய வட்டோ கோப்போ இருப்போர் முதலில் செய்யக் கூடாதவை சில. வட்டைக் கருவியில் இட்டதும் ‘வெற்று வட்டு’ என்றோ ‘ஃபார்மட் செய்யவா’ என்றோ கேட்டால் ஆம் என்று அழுத்தாதீர்கள். மினிடிஸ்க்கில் எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை தனியே எழுதப்படுகிறது. அட்டவணை கெட்டாலும் குரல் வட்டிலேயே இருக்கக்கூடும். மேலே புதிதாகப் பதிந்தால்தான் அது போகும். உறையின் ஓரத்தில் உள்ள சிறு தாழ்ப்பாளை முதலில் நகர்த்திப் பதிவைத் தடுத்துவிடுங்கள். பூட்டிய கோப்புகள் இருக்கும் பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். விண்டோஸை மீண்டும் நிறுவவும் செய்யாதீர்கள். சாவி அதற்குள்தான் இருக்கிறது. அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்படியே முழு நகல் எடுத்து வைத்த பிறகே வேறு எதையும் தொட வேண்டும். கணினி இன்னும் இயங்குமானால், அதிலேயே உள்ள மென்பொருளைக் கொண்டு வேவ் கோப்பாக மாற்றிவிடலாம்.

அண்மை ஆண்டுகளில் ஆர்வலர்கள் சிலர் ஊதியமின்றி உழைத்து, ஒருவழிப் பாதையாயிருந்த நெட் எம்.டி. கருவிகள் சிலவற்றிலிருந்தும் பதிவைக் கணினிக்கு எடுக்கும் இலவச மென்பொருளை உருவாக்கியுள்ளனர். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. அதற்கேற்ற கருவி கிட்டாதவர்களுக்குப் பழைய வழியே போதும். இயங்கும் மினிடிஸ்க் பிளேயர் ஒன்று, 3.5 மில்லிமீட்டர் கம்பி ஒன்று, கணினியில் ஆடாசிட்டி போன்ற ஓர் இலவசப் பதிவுச் செயலி. ஹெட்போன் துளை வழியே வரும் ஒலியை எந்தப் பூட்டும் தடுப்பதில்லை. நாற்பது வட்டுகள் இருந்தால், மோனோவில் பதிந்தவை எனில், ஏறக்குறைய நூறு மணி நேரம் ஆகும். ஒவ்வொரு பதிவு முடிந்ததும், அதில் பேசுவது யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதை, குரல்களை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.