மண் குவளையில் டீ குடித்த பந்துவீச்சாளர்

2009ல் வந்த 'இன்விக்டஸ்' படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 1995 ரக்பி உலகக் கோப்பை இறுதியாட்டம். தென் ஆப்பிரிக்கா நியூசிலாந்தை 15-12 என்று ஜெயிக்கிறது. கறுப்பர்கள் வெறுத்த பச்சை ஜெர்ஸியை மண்டேலாவே போட்டுக்கொண்டு வந்து கோப்பையைக் கொடுக்கிறார். தொண்டை அடைக்கத்தான் செய்கிறது. நம்மூர் 'லகான்' (2001) இதற்கு எட்டு வருடம் மூத்தது. அதில் ஊர் ஒதுக்கிவைத்த கச்ரா சுழற்பந்து போட வருகிறான், ஊர் முணுமுணுக்கிறது, ஆமிர் கான் ஒரு பிரசங்கம் செய்கிறார், எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

நிஜத்தில் இதற்கு முப்பது வருடம் பிடித்தது. நடந்த இடம் புனேயும் நம் பம்பாயும்.

பல்வாங்கர் பாலு, தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் பிட்ச்சுக்கு ரோலர் இழுப்பதும் வலை கட்டுவதும் அவர் வேலை. சம்பளம் மாதம் 4 ரூபாய். கிரெய்க் என்ற துரை பேட்டிங் பழக இவரைப் பந்து போடச் சொன்னார். அவுட் ஆக்கினால் ஒவ்வொரு முறையும் எட்டணா என்று ஒரு கதை உண்டு (எங்கள் பாங்க் பாஷையில் இன்சென்டிவ்!). மணிக்கணக்கில் போட்டுப்போட்டே அபாரமான இடதுகை சுழற்பந்து வீச்சாளர் ஆகிவிட்டார். ஆனால் அவர் கையில் யாரும் பேட்டைக் கொடுக்கவில்லை.

வெள்ளையரை ஜெயிக்க ஆள் வேண்டும் என்றபோது புனே இந்துக்கள் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை. பாலுவுக்கு வெளியே, தூக்கி எறியும் மண் குவளை. சாப்பாடும் தனி மேஜையில். நம் பக்கத்து இரட்டைக் குவளை டீக்கடைகளை அறிந்தவர்களுக்கு, திருநெல்வேலியிலிருந்து தாராவித் தோல் பட்டறைகளுக்கு வந்த குடும்பங்களுக்கு, இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சென்னையிலும் பாகுபாடு இருந்தது. சேப்பாக்கத்தில் வெள்ளையர் பெவிலியனிலும் இந்தியர் மரத்தடியிலும் சாப்பிட்டதைப் பார்த்து வெகுண்ட புச்சிபாபு நாயுடு 1888ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பையே தொடங்கினார். அவர் வசதியானவர், தனி கிளப் தொடங்க முடிந்தது. மாதம் 4 ரூபாய் வாங்கியவர் என்ன செய்வார்? விக்கெட் எடுப்பார்.

பாலு 1896ல் பம்பாய் வந்தார். 1906ல் இந்துக்கள் ஐரோப்பியர்களை 109 ரன்னில் தோற்கடித்தபோது அணியில் பாலுவும் தம்பி சிவராமும் இருந்தார்கள். 1911ல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அணியில் பாலு எடுத்த விக்கெட்டுகள் 114. அப்படியும் கேப்டன் பதவி தரவில்லை. 1920ல் அணியிலிருந்தே நீக்கினார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும் "அப்படியானால் நாங்களும் ஆடவில்லை" என்று விலகிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், லகான் எடுத்தவர்கள் கோட்டை விட்ட காட்சி இதுதான். அதன் பிறகே பாலுவைத் திரும்ப அழைத்துத் துணைக் கேப்டன் ஆக்கினார்கள். கேப்டன் எம்.டி.பை ஆட்டத்தின் நடுவே வெளியே போய், பாலு சிறிது நேரம் அணியை நடத்த வழி விட்டார். 1923ல் விட்டல் முழுக் கேப்டன் ஆனார், அந்த வருடம் கோப்பையும் வந்தது. வெற்றிகள் மட்டும் இந்தக் கதவைத் திறக்கவில்லை. பாலுவும் தம்பிகளும் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்ற கணக்குதான் திறந்தது.

இதில் ஒரு முரண். சாதி கடந்து இந்துக்கள் ஒன்று சேர்ந்த அதே போட்டி, மதவாரியாகப் பிரிந்தது. பார்சி, இந்து, முஸ்லிம், ஐரோப்பியர் என்று நான்கு அணிகள். 1937ல் கிறிஸ்தவர் முதலானோருக்கு 'ரெஸ்ட்' என்று ஐந்தாவது அணி. அதாவது 'மீதி'! அந்த மீதி அணிக்குத்தான் 1943-44 இறுதியாட்டத்தில் மொத்தம் 387ல் விஜய் ஹசாரே ஒருவரே 309 அடித்தார். காந்தி 1940லேயே இந்த மதவாரி ஆட்டம் வேண்டாம் என்றார். ஆனாலும் 1946ல்தான் நின்றது. சர்ச்கேட் போகும் ரயிலில் சர்னி ரோடு தாண்டியதும் கடல் பக்கம் பாருங்கள், இஸ்லாம், இந்து, பார்சி ஜிம்கானாக்கள் இன்றும் வரிசையாக நிற்கின்றன.

பாலு பிறகு அரசியலுக்கு வந்தார். 1932 பூனா ஒப்பந்தத்தில் நம்மூர் எம்.சி.ராஜாவோடு அவர் கையெழுத்தும் உண்டு. அம்பேத்கர் பாலுவைப் பெரிதும் மதித்தவர். ஆனால் 1937 சட்டசபைத் தேர்தலில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராக நிறுத்தியது இதே பாலுவைத்தான். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு, பாலுவுக்கு 11,225. அந்த மைதானம் அவரை எங்கே கொண்டுவந்து நிறுத்தியது பாருங்கள்.

1955 ஜூலையில் பாலு பம்பாயில் காலமானார். ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932ல். அப்போதே அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.