தாடையில் இடம்

பாகூரில் என் தமக்கை மகள் பள்ளி ஆசிரியை. வயது முப்பத்தைந்து. எத்துப்பல்லுக்குக் கம்பி கட்டிக்கொள்ளும் யோசனை இப்போதுதான் வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் பிள்ளையார்குப்பத்திலும் அரியூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகளே வந்துவிட்டனவே! ஆனால் அவள் பார்த்த வைத்தியர், நல்ல பற்கள் நான்கைப் பிடுங்கவேண்டும் என்றாராம்; அப்படியும் ஓரளவுதான் உள்ளே போகுமாம்.

"இத்தனை பெரிய தாடையில் இடமில்லையாம், மாமா!" என்றாள்.

இந்த வழக்கு மிகப் பழையது. நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினி துணி வியாபாரம் செய்துகொண்டிருந்த நாளில், 1728-இல், பாரிஸில் பியேர் ஃபொஷார் எழுதிய நூலிலேயே பல்லை வளைவுத் தகட்டோடு நூலால் கட்டி இழுக்கும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் என்பவர் இதைத் தனிச் சாஸ்திரமாக்கினார். முப்பத்திரண்டும் இருக்கவேண்டும், வரிசையை அகட்டினால் எலும்பு தானே வளர்ந்து இடம் தரும் என்பது அவர் கட்சி. 1911-இல் கால்வின் கேஸ் எதிர்த்து வாதாடினார். எடுபடவில்லை.

ஆங்கிளின் அத்யந்த சீடர் சார்லஸ் ட்வீட் குருவின் வழியிலேயே வைத்தியம் செய்தார். நேரான பற்கள் மறுபடி கோணின. உதடுகள் முன்தள்ளி நின்றன. மனிதர் நேர்மையானவர். அதே நோயாளிகளுக்குப் பல் பிடுங்கி, காசு வாங்காமல் மறு வைத்தியம் செய்து, 1940-இல் நூறு பேருடைய பல் அச்சுகளைச் சபையில் வைத்தார்.

ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் பெக், 1954-இல் வேறு காரணம் சொன்னார். முரட்டு உணவு தின்ற ஆதிகுடிகளின் பற்கள் பக்கவாட்டிலும் தேய்ந்து, தாமே இடம் விட்டனவாம். நம் குழைந்த சோறு எதைத் தேய்க்கும்?

பெரியவர்களுக்குத் தொல்லை அதிகம். குழந்தையின் மேலண்ணத்துப் பொருத்தைத் திருகு வைத்து அகட்டலாம். வயது வந்தபின் அது இறுகிவிடுகிறது. பல் நகரும்போது அழுத்தும் பக்கத்து எலும்பு கரைகிறது, விட்டுவந்த பக்கம் புதிதாக ஊறுகிறது. ஆனால் கீழ் முன்பற்களுக்கு முன்னுள்ள எலும்புச் சுவர் பலருக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அதைத் தாண்டித் தள்ளினால் வேருக்கும் எலும்புக்கும் சேதம். 1996-இல் செஸ்டர் ஹாண்டல்மன் இந்தச் சுவர்களை அளந்து எல்லை குறித்தார். கட்டுரை வெளியானது, ஆங்கிளின் பெயர் தாங்கிய பத்திரிகையில்!

மறுநாள் எக்ஸ்ரே படத்தோடு இருவரும் போனோம். "எவ்வளவு இடம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

மேல்வரிசை பின்னே போக மூன்று மில்லிமீட்டர் என்றார் வைத்தியர். அவள் நாவால் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டு, எத்தனை மாதம் ஆகும் என்று விசாரிக்கத் தொடங்கினாள்.