தீஸ்தாக் கரையில் ஒரு சிற்றூர்

இருப்புப் பாதை அலுவலகத்தில் எழுத்தராய் இருக்கும் எனக்குப் பழைய கால அட்டவணைகளைப் புரட்டிப் பார்ப்பதில் தனி விருப்பம் உண்டு. வடவங்கத்திற்கு மாற்றலாகி வந்த புதிதில் அத்தகைய அட்டவணை ஒன்றில் ‘கீல்கோலா’ என்ற நிலையத்தின் பெயரைக் கண்டேன். அந்நிலையத்திற்கு இன்று வண்டியும் இல்லை, பாதையும் இல்லை. அதைத் தேடிச் சென்ற ஒரு விடுமுறை நாளில்தான் தீஸ்தா பஜார் என்னும் சிற்றூரை அறிந்தேன். அதன் வரலாற்றைச் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

சிலிகுரியிலிருந்து மலைச்சாலை வழியே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சென்றால் இவ்வூரை அடையலாம். இருபுறமும் செங்குத்தான காடுகள். நடுவே இரைந்தோடும் ஆறு. கரையோரம் ஒட்டி நிற்கும் கடைகளும் வீடுகளும். இங்கிருந்தே காலிம்பொங் நகருக்கு மலைப்பாதை ஏறுகிறது. ஊருக்குச் சற்று மேலே, சிக்கிமின் வடகோடியிலிருந்து வரும் தீஸ்தாவும் மேற்கிலிருந்து வரும் ரங்கீத்தும் ஒன்று கலக்கின்றன. இரு நீரும் நிறம் வேறாய்ச் சிறிது தூரம் ஓடிப் பின் ஒன்றாகும் காட்சி கண்கொள்ளாதது.

இக்கூடலைப் பற்றி இம்மண்ணின் மக்களான லெப்சாக்கள் ஒரு கதை கூறுவர். காதலர் இருவர் ஆறுகளாகிச் சமவெளியை நாடிப் புறப்பட்டனராம். தீஸ்தாவுக்கு வழிகாட்டி ஒரு பாம்பு. ரங்கீத்துக்கு ஒரு பறவை. பறவை இரை தேடி அலைந்ததால் ரங்கீத் பிந்தி வந்தான். தனக்கு முன்னே அவள் வந்துவிட்டதைக் கண்டு சினந்து திரும்ப, வெள்ளம் பெருகி நாடே மூழ்கியது. மக்கள் தெண்டோங் மலையில் ஏறி உயிர் தப்பினர். வெறும் கதைதானே என்று தள்ளிவிட இயலாது என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

1915ஆம் ஆண்டில், டார்ஜிலிங் இமாலய இருப்புப் பாதையின் ஒரு கிளை, சிலிகுரியிலிருந்து தீஸ்தாப் பள்ளத்தாக்கின் வழியே கீல்கோலா வரை திறக்கப்பட்டது. இரண்டே அடி அகலமுள்ள அச்சிறு பாதைதான் காலிம்பொங்கிற்கு வாயில். ஜெலெப் கணவாய் கடந்து கோவேறு கழுதைகளின் முதுகில் வந்த திபெத்தியக் கம்பளி ரோமம் இவ்வழியே சமவெளிக்கு இறங்கியது. 1933இல் தீஸ்தா பஜாரில் ஆண்டர்சன் பாலமும் எழுந்தது.

பின்னர் வந்தது 1950. தேசப் பிரிவினையால் துண்டிக்கப்பட்ட அஸ்ஸாமை இணைக்கும் புதுப்பாதை, சேவோக்கில் தீஸ்தாவைக் கடந்து அவ்வாண்டு ஜனவரியில் திறக்கப்பட்டது. அதே ஆண்டின் மழைக்கால வெள்ளம் சிறிய பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவே இல்லை. 1968 அக்டோபர் முதல் வாரத்தில் வந்த பெருவெள்ளத்தில் ஆண்டர்சன் பாலமும் போயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2023இல், அதே அக்டோபர் முதல் வாரத்தில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி உடைந்து, சுங்தாங் அணையைத் தகர்த்துக்கொண்டு வந்தது. தீஸ்தா பஜாரின் கரையோர வீடுகள் சேற்றில் புதைந்தன. ஆற்றுப்படுகை மேடிட்டதால், அடுத்த ஆண்டின் மழைநீரும் எளிதில் தெருவுக்குள் புகுந்தது.

சேவோக்கிலிருந்து ரங்போ வரை புதிய இருப்புப் பாதைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளத்தில் 38 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம், சுரங்கங்கள் 14. தீஸ்தா பஜார் நிலையமே மலைக்குள் அமைவது. ஆற்றோடு ஒட்டி ஓடிய பழைய பாதையின் கதியை எண்ணினால், மலைக்குள் புகுந்து செல்லும் வழியின் பொருள் விளங்கும்.

பாதை மலைக்குள் ஒதுங்கலாம். ஆனால் கரையில் கடை வைத்துப் பிழைப்பவன் எங்கே ஒதுங்குவான்? ‘நிலையம் மூடப்பட்டது’ என்று ஏட்டில் ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறோம். அந்த வரிக்குப் பின்னால் மூட்டை தூக்கியவரும் தேநீர் விற்றவரும் இருந்தனர் என்பதை எழுத்தர்களாகிய நாமாவது மறவாதிருத்தல் வேண்டும். அவர்களின் வழித்தோன்றல்கள் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, மீண்டும் அதே கரையில் அடுப்பு மூட்டி நம்மைப் போன்ற வழிப்போக்கர்க்குத் தேநீர் தருகின்றனர். அவ்வழியே செல்லும் அன்பர்கள் இறங்கிச் சற்று நேரம் அமர்ந்து, அம்மக்களின் சொல்லைக் கேட்டு வருவார்களாக.