துப்பாக்கி ஏந்திய கவிஞர்கள்



தேயிலைத் தோட்டத் துரைமார் போர்முனைக்குச் சென்ற வரலாற்றை மலைநாட்டவராகிய நம்மிற் சிலரே அறிவர். 1900ஆம் ஆண்டில் தோன்றிய இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை, கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டது. முதலாம் உலகப்போர் மூண்டதும், 1914 ஒக்டோபரில், அப்படையினர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர் கொழும்பிலே கப்பலேறி எகிப்து சென்றனர். மறு ஆண்டு கலிப்பொலிக் கரையில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் போரிட்டபோது, தளபதி பேர்ட்வுட்டின் காவலராய் நின்றோர் இவர்களே. நேற்றுவரை பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணியவர்கள், அங்கே தாமும் எண்ணப்பட்டார்கள்.

அதே படையெடுப்புக்கெனப் புறப்பட்டவர் ரூபேட் புரூக் என்னும் இளங்கவிஞர். நாட்டுக்காக இறத்தலைப் பெரும்பேறாகப் பாடியவர். அவர் பாடலொன்று 1915ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று இலண்டன் புனித பவுல் பேராலயத்திலே வாசிக்கப்பெற்றது. அம்மாதம் 23ஆம் நாள், படை கரையிறங்குதற்கு இரு நாள் முன்னதாக, நுளம்புக்கடி நஞ்சாகி இரத்தத்திற் பரவ, அவர் கப்பலிலேயே உயிர் நீத்தார். போரின் கோரத்தை அவர் மறைத்தார் என்று இகழ்வோர் உளர். அஃது அத்துணை நியாயமன்று. அவர் போரை மிகச் சிறிதே கண்டவர். நம் இலக்கண மரபிற் சொல்வதாயின், அவருடையது வஞ்சி சூடிப் புறப்படுவோன் பாட்டு. அதன் பின்னர் வரும் காஞ்சியை, நிலையாமையை, பாட அவருக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை.

சிக்பிரீட் சசூனும் தொடக்கத்தில் அவ்வாறே பாடினார். 1915 நவம்பரில் அவர் தம்பி கலிப்பொலியில் மாண்டார். வீரப்பதக்கம் பெற்ற அவரே, 1917 யூலையில், தற்காப்புக்கெனத் தொடங்கிய போர் ஆக்கிரமிப்புப் போராக மாறிவிட்டது என்று வெளிப்படையாக அறிக்கை விடுத்தார். அது பாராளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. படைநீதிமன்றில் நிறுத்தினால் அவர் குரல் ஊரெங்கும் கேட்கும். ஆகவே நரம்புத் தளர்ச்சி எனக் கூறி எடின்பரோவுக்கு அண்மையிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டனர். அரசாங்கத்தின் சாமர்த்தியம் அது! அங்கேதான் வில்பிரட் ஓவன் அவரைச் சந்தித்துத் தம் கவிதையைச் செம்மை செய்துகொண்டார். போரைக் கண்டித்த இருவரும் மீண்டும் போர்முனைக்கே சென்றனர் என்பது ஈண்டு கருதத்தக்கது. உடனிருந்த வீரரைக் கைவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. போர் ஓய்வதற்கு ஒரு வாரம் இருக்க, 1918 நவம்பர் 4ஆம் நாள் ஓவன் வீழ்ந்தார்.

இதுகாறும் கூறிய மூவரும் அதிகாரிகள். தோட்ட வழக்கிற் சொன்னால் துரைமார். என் உள்ளத்தை மிகவும் ஈர்ப்பவர் ஐசாக் ரோசன்பேர்க். குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தின் பிள்ளை. இலண்டனின் கிழக்குப் பகுதியில் வளர்ந்து ஓவியம் பயின்றவர். நாட்டுப்பற்றினால் அன்று, தாய்க்குக் கிடைக்கும் படிப்பணத்துக்காகவே 1915இல் படையிற் சேர்ந்தார். சாதாரணச் சிப்பாயாகவே இறுதிவரை இருந்தார். பதுங்குகுழியின் சேற்றிலிருந்து தாள்துண்டுகளில் எழுதியனுப்புவார். வீட்டிலே சகோதரி தட்டச்சிடுவார். அவர் கவிதையில் முழக்கமும் இல்லை, கண்டனமும் அரிது. எலியும் பேனும் பூவும் வானம்பாடியும் உள்ளன. ஆணையிடுவோன் கண்ட போர் வேறு, மண் சுமப்போன் கண்ட போர் வேறு என்பதை லயத்துப் பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர் கண்ட இத்தீவில் இவ்வேறுபாடு வெறும் பாடநூற் செய்தியன்று. புரூக்கின் பாட்டை மட்டும் மாணவர்க்கு ஓதி நிறுத்தும் ஆசிரியர், அறிந்தோ அறியாமலோ, படைக்கு ஆள் சேர்ப்பவராகிவிடுகிறார். சசூனை மட்டும் ஓதினாலோ, இளைஞர் ஏன் விரும்பிச் சென்றனர் என்பது விளங்காது போய்விடும். அடுத்தடுத்துப் படிப்பித்தலே முறை. ரோசன்பேர்க்கை விடாது படிப்பித்தல் வேண்டும்.

அவர் 1918 ஏப்ரல் முதலாம் நாள் பிரான்சிலே கொல்லப்பட்டார். வயது 27. அங்குள்ள அவர் கல்லறைக் கல்லில், சிப்பாய் என்னும் பதவியோடு, ஓவியர், கவிஞர் என்னும் இரு சொற்களும் பொறிக்கப்பட்டுள்ளன.