பலகைத் தடுப்பு

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் 'பப்' தடுப்புகளாலான கட்டிடம். நடுவில் பரிமாறும் மேடை ஒன்றுதான். சுற்றிலும் மரப்பலகையும் பூவேலைக் கண்ணாடியும் வைத்து அடைத்த சிற்றறைகள். கூலிக்காரனுக்கு ஒன்று, குமாஸ்தாவுக்கு ஒன்று, கனவானுக்கு ஒன்று. லண்டன் ஹோல்பர்னில் 1872இல் தொடங்கிய 'பிரின்ஸஸ் லூயிஸ்' விடுதியில் இந்தப் பாகுபாட்டை இன்றும் காணலாம். ஆனாலும் ஊற்றிக் கொடுக்கிறவர் எல்லோருக்கும் பொது. பலகைக்கு அப்பால் இருமுகிறவனின் சத்தமாவது கேட்டிருக்கும்.

ஏலம் மணக்கும் போடிமெட்டு ஏறி மூணாறு போய், ஹை ரேஞ்ச் கிளப்பில் ஆண்களுக்கென்றே வைத்திருந்த மதுவறையைப் பார்த்தேன். சுவரில் வரிசையாகத் தொப்பிகள். 30 ஆண்டுகள் இந்த மலையில் கழித்த தோட்டத்துரைகளுடையவை. பப்பின் சாயலெல்லாம் இருக்கிறது, அந்தப் பலகை மட்டும் இல்லை. தேவைப்பட்டிருக்காது. கூலிக்காரனின் அறையை அவர்கள் மேலே கொண்டுவரவே இல்லை. மலையே தடுப்பு.

டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிப் பக்கம் இறங்கும். அங்கிருந்து போடிக்கு மாட்டுவண்டி. போடிக்கு ரயில் வந்ததே 1928இல்தான். அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் என் பாட்டனார். அவர் மேலே போனதில்லை. அவருடைய தலைத்துண்டு எங்கள் வீட்டில் கரித்துணியாகிக் கிழிந்தது.