சர்ச் என்னும் சொல்



"சர்ச்சுக்குப் போகிறேன்" என்றால் ஆலயக் கட்டடம். "சர்ச் முடிந்ததும் வாருங்கள்" என்றால் ஆராதனை. "நீங்கள் எந்தச் சர்ச்?" என்றால் திருச்சபைப் பிரிவு. ஆங்கிலேயரிடத்தில் இன்னும் ஒரு பொருள் உண்டு. ஒருவர் சர்ச்சுக்குள் பிரவேசித்தார் என்று அவர்கள் எழுதினால், அவர் குருப்பட்டம் பெற்றார் என்று கொள்ள வேண்டும். அந்தக் கடைசிப் பொருளே பெரும் வழக்கிற்குக் காரணமாயிற்று.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள சொல் எக்லேசியா. கூடிவரும்படி அழைக்கப்பட்ட ஜனங்கள் என்பது அதன் பொருள். நகரத்தார் கூடிய பொதுமன்றத்திற்கும் அதுவே பெயர். எபேசுவிலே தியானாளுக்காகக் கூச்சலிட்ட கூட்டத்தையும் லூக்கா அதே சொல்லால்தான் குறிக்கிறார் (அப். 19). சர்ச் என்பதோ அதன் வழிவந்த சொல்லன்று. ஆண்டவருக்குரியது எனப் பொருள்படும் குரியாக்கோன் என்ற வேறொரு கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. அது ஆண்டவருடைய வீட்டைக் குறித்தது. இவ்வாறு, ஜனங்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் வீட்டின் பெயர் வந்து அமர்ந்துகொண்டது.

1526இல் வில்லியம் டிண்டேல் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் அச்சிட்டார். எக்லேசியா வருமிடத்தில் அவர் சர்ச் என்று எழுதவில்லை. கூட்டத்தார் எனப் பொருள்படும் காங்கிரிகேஷன் என்று எழுதினார். லண்டனில் அந்நூல்கள் தீக்கிரையாயின. 1529இல் தாமஸ் மோர் அவருக்கு எதிராக ஒரு நூலே எழுதினார். துருக்கர் கூடினாலும் காங்கிரிகேஷன்தான்; கிறிஸ்தவ ஜனத்திற்கென்று வழங்கிவரும் சொல்லை எதற்காக அகற்ற வேண்டும் என்பது அவர் கேள்வி. அதை அற்பமான கேள்வி என்று நான் எண்ணவில்லை. 1531இல் டிண்டேல் விடையளித்தார். அப்போஸ்தலர் எடுத்தாண்ட எக்லேசியாவும் புறஜாதியார் வழங்கிய சொல்தானே? மேலும், மோரின் ஆருயிர் நண்பர் எராஸ்மஸ் தம் லத்தீன் மொழிபெயர்ப்பில் சில இடங்களில் இதையே செய்திருக்க, அவர்மேல் மட்டும் ஏன் குற்றஞ்சாட்டவில்லை?

ஆயினும் அவருடைய உண்மையான மனத்தாங்கல் வேறு. சர்ச் என்றால் குருமார் என்றே சாமானியர் எண்ணும்படி அச்சொல் குருமாரின் உடைமையாகிவிட்டது என்றார் அவர். எண்ணிப் பாருங்கள். சர்ச் கட்டளையிட்டது என்றால் ஆயர்களும் குருக்களும் கட்டளையிட்டார்கள். விசுவாசிகளாகிய நெசவாளியும் விதவையும் அச்சொல்லுக்கு வெளியே நின்றார்கள். சொல்லை மாற்றினால் அவர்கள் உள்ளே வந்துவிடுவார்கள். இதை மோரும் நன்கு அறிந்திருந்தார்.

டிண்டேல் சர்ச் என்ற சொல்லை அறவே விலக்கிவிடவும் இல்லை. லீஸ்திராவில் யூப்பித்தருடைய பூசாரி எருதுகளைக் கொண்டுவந்து நிறுத்திய கோவில் வாசலுக்கு அதை வழங்கினார் (அப். 14:13)! அவருக்கு அது வெறும் கட்டடம்.

இருவருக்கும் முடிவு கொடியதாயிருந்தது. இங்கிலாந்துச் சர்ச்சுக்கு அரசனே தலைவன் என்பதை ஏற்க மறுத்த மோர் 1535இல் தலை வெட்டுண்டார். மறு ஆண்டு டிண்டேல் பிரஸ்ஸல்ஸுக்கு அருகே வில்வோர்டில் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார்.

அவருடைய சொற்கள் ஏராளமாக 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பிற்குள் சென்றன. இந்தச் சொல்லோ எக்லேசியாவுக்கு ஈடாகச் செல்லவில்லை. பழைய திருச்சபைச் சொற்களையே காக்க வேண்டும், சர்ச் என்பதைக் காங்கிரிகேஷன் என்று பெயர்க்கலாகாது என மொழிபெயர்ப்பாளருக்கு விதி இடப்பட்டிருந்தது. ஆதலால் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா இவர்களுடைய வீட்டிற்குள் ஒரு சர்ச் இருப்பதாக ஆங்கிலத்தில் வாசிக்கிறோம் (ரோமர் 16:5). வீட்டிற்குள் ஆலயமா என்று ஒரு சிறுபிள்ளை கேட்டால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நம் தமிழ் வேதாகமம் அவ்விடத்தில் சபை என்கிறது. கிராம சபையும் சங்கீத சபையும் சிதம்பரத்துக் கனகசபையும் வழங்கும் அதே சொல்தான். மோர் கேட்டிருந்தால் மறுப்பு எழுதியிருப்பார்.

அரசரின் விதி ஓரிடத்தில் வேடிக்கையாகவும் முடிந்தது. எபேசு பட்டணத்துச் சம்பிரதியானவன், பவுலின் தோழர்கள் கோவில்களைக் கொள்ளையிட்டவர்கள் அல்லர் என்கிறான் (அப். 19:37). பேச்சு தியானாளின் கோவிலைப் பற்றியது. டிண்டேலைப் பின்பற்றி, 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பும் அவ்விடத்தில் சர்ச்சுகளைக் கொள்ளையிடுவோர் என்றே எழுதிற்று. 1881இல் வெளிவந்த திருத்திய பதிப்பில்தான் அது கோவில்கள் என்று மாறியது.