மழைக்குள் இறங்கிய கேமரா

1855ஆம் ஆண்டு, மழைக்காலம் நடுவில் இருந்தபோது, பர்மிய மன்னர் மிண்டோனின் தலைநகரான அமரபுரத்துக்கு ஒரு பிரிட்டிஷ் தூதுக்குழு ஐராவதி ஆற்றின் வழியே புறப்பட்டது. குழுவின் புகைப்படக்காரர், மதராஸ் படையில் அதிகாரியாக இருந்த லினேயஸ் டிரைப். இருநூறுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களோடு திரும்பி வந்தார். ஆனால் மோசமான வானிலை, நோய், இடையூறுகள் எல்லாம் போக, தனக்கு வேலை செய்யக் கிடைத்தவை 36 நாட்கள்தான் என்று குறித்து வைத்திருக்கிறார். மற்ற நாட்களைக் கொண்டுபோனவற்றில் மழையும் ஒன்று.

அன்றைய தொழில்நுட்பத்தில் அப்படித்தான் நடக்கும். அவர் பயன்படுத்திய காகித நெகட்டிவ்கள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள நெடுநேரம் எடுக்கும். வானம் மூடினால் இன்னும் கூடுதல் நேரம் ஆகும். பெரிய மழைத்துளி வினாடிக்கு ஏறக்குறைய 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அத்தனை நேரம் லென்ஸைத் திறந்து வைத்தால் துளி எதுவும் படத்தில் பதியாது, மங்கல் மட்டுமே எஞ்சும். படம் எடுத்தாகிவிட்டது என்றாலும் கவலை தீராது. அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் பெரும்பாலானவை, நெகட்டிவையும் தாளையும் சட்டத்தில் சேர்த்து இறுக்கி வெயிலில் வைத்து எடுக்கப்பட்டவை. மழை பிடித்துக்கொண்டால் பிரிண்டு வேலையும் நின்றுவிடும்.

டிரைப் பின்னர் மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராகி ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றினார். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின், 1858இன் முதல் சில மாதங்களில் அந்த வேலை நடந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 6 மீட்டர் நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்த அவரது நெடும்படம் இன்றும் வியக்கவைக்கிறது. வானம் வெறும் வெள்ளையாகப் பதிந்த இடங்களில், நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகத்தைத் தீட்டிச் சேர்ப்பதும் அவர் வழக்கம். கல்வெட்டின் எழுத்துகள் துல்லியமாக விழுந்தன, மேகமோ கையால் வரைந்தது! பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் தமிழகம் மழையே காணாத நாடுபோலத் தெரிவதற்குக் காரணம், மழையில் வேலை செய்ய முடியாத இந்தத் தொழில்நுட்பம்தான். ஐப்பசியில் நனைந்த பிரகாரத்தையும், ஓலைக்குடையோடு நாற்று நட்டவர்களையும் அந்தக் கேமராவால் பார்க்க முடியவில்லை.

1880களில், கண்ணாடியில் ஜெலட்டின் பூசிய உலர்தட்டுகள் பரவின. வினாடியின் சிறு பகுதியில் படம் எடுக்கலாம் என்றானது. வெப்பநாடுகளில் அதற்கும் ஒரு விலை இருந்தது: டெவலப்பர் சூடேறினால் ஜெலட்டின் இளகி, படமே கண்ணாடியை விட்டு வழுக்கிவிடும். அதனால் ஐஸ் போட்டுக் குளிர்வித்தார்கள், படிகாரம் கலந்து இறுக்கினார்கள். ஈரத்தைத் தாங்கத் தேக்கில் செய்து, பித்தளைப் பூண் போட்ட கேமராக்களை ஆங்கிலேய நிறுவனங்கள் ‘டிராப்பிக்கல்’ என்ற பெயரில் விற்றன.

மோசமான வானிலையைத் தேடிப்போய் எடுக்கலாம் என்று காட்டியவர்களில் முதன்மையானவர் நியூயார்க்கின் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ். 1893 பிப்ரவரி 22 அன்று, பனிப்புயலில், ஐந்தாம் அவென்யூவில் கைக்கேமராவோடு மூன்று மணி நேரம் காத்து நின்றார். மறு ஆண்டு பாரிஸில் நனைந்த சாலையை எடுத்தார். ஈரத் தரையில் விழும் பிம்பம் அழகு என்பதைப் புகைப்படம் அவரிடமிருந்து கற்றது.

பருவமழைக்கென்றே ஒரு புகைப்படத் தொடர் உலகப் புகழ் பெற்றது 1961இல். நியூசிலாந்துக்காரரான பிரையன் பிரேக் 1960இல் இந்தியாவில் மழையைப் பின்தொடர்ந்து எடுத்த வண்ணப் படங்களை ‘லைஃப்’ இதழ் செப்டம்பரில் வெளியிட்டது. அவற்றில் எல்லோருக்கும் நினைவிருப்பது, முகத்தை மேலே தூக்கிக் கண்மூடி, முதல் மழையை வாங்கிக்கொள்ளும் ஒரு பெண்ணின் படம். அந்தப் பெண் அபர்ணா சென். பின்னாளில் வங்கத் திரையுலகில் நடிகையாகவும் ‘36 சௌரிங்கி லேன்’ இயக்குநராகவும் பெயர் பெற்றவருக்கு அப்போது பதினான்கு வயதுதான். கல்கத்தாவில் ஒரு மொட்டை மாடியில் எடுத்த படம் அது. முகத்தில் விழுந்தது வானத்து மழை அல்ல, பூவாளித் தண்ணீர். அபர்ணா சென்னே பிற்காலத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

பிரேக்கை மோசடிக்காரர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. அந்தத் தொடரின் மற்ற படங்களுக்காக அவர் உண்மையான மழையிலும் சேற்றிலும் அலைந்தார். ஆனால் செய்திப் படங்களுக்கு நடுவே அமைத்து எடுத்த படம் ஒன்றை, அப்படி என்று சொல்லாமல் வைத்தது தவறு. முதல் மழை எப்படி இருக்கும் என்பதற்கு உலகம் அடையாளமாக வைத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான் என்பதால் தவறின் கனம் கூடுகிறது.

1967இல் ரகுபீர் சிங் பீகாரின் முங்கேரில் எடுத்த படத்தை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கொட்டும் மழையில் சில பெண்கள் ஒருவரையொருவர் ஒட்டி ஒடுங்கி நிற்கிறார்கள். நனைந்த சேலை உடம்போடு ஒட்டியிருக்கிறது. மழையை யாரும் கொண்டாடவில்லை, பொறுத்துக்கொள்கிறார்கள். ஜெய்ப்பூரில் பிறந்த சிங்குக்கு, மழையில் மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

‘லைஃப்’ இதழில் பிரேக்கின் படங்களைப் பதினோரு வயதில் பார்த்த அமெரிக்கச் சிறுவன் ஸ்டீவ் மெக்கரி, 1983இல் அதே மழையைத் தேடி இந்தியா வந்தார். அன்று இருந்த கோடாக்ரோம் சிலைடுகளின் ஒளியுணர் வேகம் (ஐஎஸ்ஓ) 25 அல்லது 64. கார்மேகத்தின் கீழ் அதை வைத்துக்கொண்டு வேலை செய்வது கடினம். வெள்ளம் சூழ்ந்த போர்பந்தரில் மார்பளவு நீரில் இறங்கி நடந்தார். பழுதான தையல் இயந்திரத்தைத் தோளில் சுமந்து, கழுத்தளவு நீரில் சிரித்துக்கொண்டே வந்த முதிய தையல்காரரை அங்கேதான் எடுத்தார். ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழில் அந்தப் படத்தைக் கண்ட தையல் இயந்திர நிறுவனம், அந்தப் பெரியவருக்குப் புதிய இயந்திரம் ஒன்றைக் கொடுத்தது.

கேமராவும் மெல்லத் தண்ணீருக்குப் பழகியது. கடலடி ஆய்வாளர் ஜாக் கூஸ்தோவின் குழுவுக்காக உருவான ‘கலிப்ஸோ’ கேமராவை நிக்கான் வாங்கி, 1963இல் ‘நிக்கோனோஸ்’ ஆக்கியது. கடலுக்கென்று செய்த அந்தக் கேமரா வியட்நாம் போரின் மழையிலும் சேற்றிலும் செய்தியாளர்களுக்குக் கைகொடுத்தது. 1980இல் வந்த பென்டாக்ஸ் எல்எக்ஸ், மூட்டுகளில் ரப்பர் பட்டை வைத்து ஈரத்தைத் தடுத்தது. இத்தகைய கேமரா வாங்க வசதியில்லாத தமிழகத்துப் புகைப்படக்காரர்கள் பாலிதீன் பையில் லென்ஸுக்கு ஓட்டை போட்டு, ரப்பர் பேண்டால் கட்டி அடைமழையில் நின்றார்கள். பிலிம் மாற்றக் குடை பிடிக்க ஒருவர் வேண்டும். வீடு வந்தபின் லென்ஸில் பூஞ்சை ஏறாமலிருக்க, அலமாரிக்குள் சிறு பல்பு எரியவிட்டார்கள்.

டிரைப்பால் எடுக்க முடியாமல்போன தமிழகத்து மழைக்காலம், இவர்கள் எடுத்த நெகட்டிவ்களில் இருக்கிறது. அவற்றுக்கு ஈரமும் பூஞ்சையும் இன்றும் எதிரிகளே. டிரைப்பின் தஞ்சாவூர்ப் படங்கள் உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றன. பத்திரிகை அலுவலகங்களிலும் மூடப்பட்ட ஸ்டுடியோக்களிலும் கிடக்கும் மழைக்கால நெகட்டிவ்களும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களும் அதே அக்கறையோடு திரட்டி, ஊரும் தேதியும் குறித்துச் சேர்த்து வைக்கப்பட வேண்டியவை. எடுத்தவர்கள் இருக்கும்போதே இதைத் தொடங்க வேண்டும்.